கீனன் டில்லார்டின் பதினோரு மார்க்

டெல்மர் ஹாஸ்கின்ஸ் பொய் சொல்வதில் கைதேர்ந்தவர். இதில் அவருக்கு வெட்கமெல்லாம் கிடையாது, அவர் வேலையே அதுதான். ஹார்டன் மியூல்ஸ் என்கிற அமெரிக்கக் கால்பந்து அணிக்காகக் கல்லூரிப் பையன்களைத் தேடிப் பிடிக்கும் அதிகாரி அவர். பிப்ரவரிக் கடைசியில் இண்டியானாபொலிஸில் பையன்களை அரைக்கால் சட்டையோடு வரிசையில் நிற்கவைத்து, எடை பார்த்து, உள்ளங்கையை அளந்து, ஓடவிட்டுப் பார்ப்பார்கள். பெண் பார்க்கப் போகிற வீட்டில்கூட இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க மாட்டார்கள். அன்று தொடங்கி ஏப்ரல் கடைசியில், அணிகள் முறை வைத்துப் பையன்களை எடுக்கிற டிராஃப்ட் முடிகிற வரைக்கும் அந்தத் தொழிலில் இருக்கிற ஒருத்தர் வாயிலிருந்தும் உண்மை வராது. பிடித்த பையனைப் பிடிக்கவில்லை என்பார்கள். கல்லு மாதிரி முழங்கால் இருப்பவனுக்கு முழங்காலில் ஏதோ கோளாறாமே என்பார்கள். எல்லோரும் பொய் சொல்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அப்படியும் எல்லோரும் நம்புவார்கள்.

மியூல்ஸ் என்றால் கோவேறு கழுதைகள். பெயர் வைத்த மகராசன் எதிர்காலம் அறிந்தவனாகத்தான் இருக்க வேண்டும். இருபது வருஷமாக அந்த அணிக்கு உருப்படியான ஒரு குவார்ட்டர்பேக் வாய்க்கவில்லை. ஆட்டத்தில் பந்து முதலில் அவன் கைக்குத்தான் வரும். யாருக்கு எறிவது என்று மூன்று விநாடிக்குள் அவன் முடிவு செய்ய வேண்டும், அதுவும் நூற்றைம்பது கிலோ ஆட்கள் நாலு பேர் அவனைச் சட்னியாக்க ஓடி வந்துகொண்டிருக்கும்போது. அவன் சொதப்பினால் மற்றவர்கள் எவ்வளவு நன்றாக ஆடினாலும் பிரயோஜனமில்லை. மியூல்ஸில் வந்தவன் போனவன் எல்லாம் சொதப்பினான். அவர்களில் முக்கால்வாசிப் பேரைத் தேடிக் கொண்டுவந்தவர் டெல்மர்தான்.

போன டிசம்பரில் அணியின் முதலாளி அவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "டெல்மர், இந்த வருஷம் ஒரு குவார்ட்டர்பேக் வரணும். வரலைன்னா உன் மேசையைக் காலி பண்ணிட்டுப் போயிடு. போகும்போது கதவைச் சாத்திட்டுப் போ, குளிருது."

டெல்மரிடம் ஆள் இருந்தான். ஜார்ஜியாவில் யாரும் எட்டிப் பார்க்காத ஒரு சின்னக் கல்லூரியில் ஆடிக்கொண்டிருந்த கீனன் டில்லார்டு. ஒல்லியான, நெட்டையான, கறுப்பினப் பையன். பேச்சு குறைவு. டெல்மர் அவனை முதலில் பார்த்த அன்று கொட்டுகிற மழை. பையன் இடது பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தான். எதிரணி மொத்தமும் இடது பக்கம் ஓடியது. மைதானத்தில் இருந்த கூட்டமும் இடது பக்கம் திரும்பியது, டெல்மர் உட்பட. பந்து வலது பக்கம் போய், காத்திருந்தவன் நெஞ்சில் இறங்கியது. நனைந்த தொப்பியோடு டெல்மர் அங்கேயே நின்றார். வீட்டுக்குப் போய் மனைவியிடம், "கிடைச்சுட்டான்டி" என்றார். அந்தம்மா இந்த வார்த்தையை இருபது வருஷமாகக் கேட்டு வருகிறவள், அதனால் டிவி சத்தத்தைக் குறைக்கவில்லை.

ஆனால் இந்தத் தடவை நிஜமாகவே கிடைத்திருந்தான். அதுதான் பிரச்சினை.

முதலாளி ஓரன் ஸ்ட்ராட்டன் கழிவுநீர்த் தொட்டி விற்றுக் கோடீஸ்வரர் ஆனவர். தன் தொழிற்சாலைக்கு ஆள் எடுக்கும்போதெல்லாம் ஒரு புத்திப் பரீட்சை வைப்பார்: பன்னிரண்டு நிமிஷம், ஐம்பது கேள்வி. வேலி கட்ட மூன்று பேருக்கு ஆறு நாள் ஆனால் ஒன்பது பேருக்கு எத்தனை நாள் என்கிற வகையறா. ஒரு காலத்தில் லீக்கே எல்லாப் பையன்களுக்கும் இந்த மாதிரிப் பரீட்சை வைத்தது. பந்து எறிவதற்கும் வேலி கட்டுவதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று படித்தவர்கள் எழுதி எழுதி, லீக் அதைக் கைகழுவிவிட்டது. ஸ்ட்ராட்டன் விடவில்லை. "மூளைன்னா மூளைதான். தொட்டி விக்கிறவனுக்கு ஒண்ணு, பந்து எறியறவனுக்கு ஒண்ணுன்னு ரெண்டு மூளையா இருக்கு?" என்பார். அதனால் மியூல்ஸ் மட்டும் தனியாக, ஹோட்டல் அறையில், பையன்களை உட்காரவைத்துப் பரீட்சை நடத்தும்.

கீனன் நாற்பத்தொரு மார்க் வாங்கினான். அதுவும் நேரம் முடிவதற்குள்ளேயே எழுதி முடித்துவிட்டு, "சார், முப்பத்தி நாலாவது கேள்விக்கு ரெண்டு விடை சரியா வருது, எதைப் போடட்டும்?" என்று கேட்டான். முப்பது வருஷ அனுபவத்தில் டெல்மர் பார்த்த குவார்ட்டர்பேக்குகள் இருபத்தைந்தைத் தொட்டாலே ஸ்வீட் கொடுக்கலாம். சந்தோஷத்தில் அவருக்கு அந்தப் பையனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

லிஃப்ட் கீழே வருவதற்குள் அந்தச் சந்தோஷம் வடிந்துவிட்டது. டிராஃப்டில் மியூல்ஸின் முறை பதினாலாவது. முந்தின பதிமூன்று அணிகளில் ஆறுக்குக் குவார்ட்டர்பேக் தேவை. டிவிக்காரர்கள் ஏற்கெனவே அவனைப் புகழ ஆரம்பித்திருந்தார்கள், இந்த நாற்பத்தொன்றும் வெளியே கசிந்தால் எவனாவது கொத்திக்கொண்டு போய்விடுவான். டிராஃப்டில் யார் எடுக்கிறானோ அவனிடம்தான் பையன் போக வேண்டும், இஷ்டமில்லை என்றால் ஒரு வருஷம் வீட்டில் உட்கார வேண்டியதுதான். கைக்கு வந்த பிள்ளையை ஊரான் கொண்டுபோவதைப் பார்த்துக்கொண்டு நிற்க டெல்மருக்கு வயிறு எரிந்தது.

அன்று மத்தியானமே பத்திரிகைக்காரர் பட் ஓகில்வியை ஸ்டேக் கடைக்குக் கூட்டிப் போனார். அந்தக் கடையில் இறாலுக்குக் காட்டு முள்ளங்கியை அரைத்து ஒரு சாஸ் தருவார்கள். ஒரு வாய் வைத்தால் மூக்கு வழியாக உயிர் போய்விட்டு வரும். டெல்மர் ஒரு இறாலை முழுசாக அதில் முக்கி வாயில் போட்டுக்கொண்டுதான் பேச்சை ஆரம்பித்தார்.

"பட்... டில்லார்டு பையனுக்குப் பரீட்சை வச்சோம்யா."

"எவ்வளவு?"

"வேண்டாம் விடு."

"யோவ், சொல்லவா கூட்டிட்டு வந்தே, வேண்டாம் விடுன்னு சொல்லவா?"

டெல்மர் வாயைத் திறந்தார். சாஸ் அப்போதுதான் மூளைக்கு ஏறியது. கண்ணிலிருந்து தாரைதாரையாகக் கொட்டியது. "பதினொண்ணு" என்றார். குரல் உடைந்துவிட்டது.

பட் ஓகில்வி முள்கரண்டியைக் கீழே வைத்தார். டெல்மரின் பொய்களை அவர் பல வருஷமாக எழுதி வருகிறார், பாதியை நம்பவும் மாட்டார். ஆனால் டெல்மர் அழுது அவர் பார்த்ததே இல்லை. எட்டிக் கையைப் பிடித்துக்கொண்டார். "அடப்பாவமே. உசுரையே வச்சிருந்தியே அந்தப் பையன் மேல."

டெல்மர் மூக்கைச் சிந்திக்கொண்டு தலையாட்டினார்.

மறுநாள் காலையில் பதினொன்று நாடு முழுக்கப் பரவிவிட்டது. அதற்கப்புறம் நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. அதுவரை கீனனின் ஆட்டத்தை ஆகா ஓகோ என்று புகழ்ந்த டிவி நிபுணர்கள், அதே ஆட்டத்தை மறுபடி ஓடவிட்டு, "இங்க பாருங்க, பந்து கைக்கு வந்ததும் ஒரு கணம் யோசிக்கிறான். இடது பக்கம் பார்த்துட்டு வலது பக்கம் எறியறான். எந்தப் பக்கம்னு அவனுக்கே குழப்பம்" என்றார்கள். ஒருவர் அவன் கண் சிமிட்டுவதை எண்ணி, சராசரியைவிட மெதுவாகச் சிமிட்டுகிறான் என்று வரைபடம் போட்டார். இன்னொருவர் அவனுடைய பழைய பேட்டி ஒன்றைத் தோண்டி எடுத்தார். 'பிடித்த உணவு எது' என்று கேட்டதற்கு அவன் இரண்டு விநாடி தாமதித்திருக்கிறான். பேசாத பையன் என்பதற்கு அதுவரை அடக்கம் என்று பெயர், இப்போது மந்தம் என்று பெயர். மூன்றாவதாகப் போவான் என்று எழுதியவர்கள் எல்லாம் அவனை முப்பதுக்குக் கீழே தள்ளினார்கள். டெல்மர் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு சின்ன ஆட்டம்கூடப் போட்டார்.

போன் வந்தது அடுத்த வாரம். கீனனின் அம்மா வெர்னெட் டில்லார்டு.

"மிஸ்டர் ஹாஸ்கின்ஸ், நான் ஸ்கூல்ல கணக்கு டீச்சர். உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

"இன்னிக்கு ஒன்பதாம் கிளாஸ்ல ஒரு பய எந்திரிச்சு, 'மேடம், உங்க பையனுக்கு யாரு சொல்லிக் குடுத்தது, நீங்களா'ன்னு கேக்கறான். சர்ச்ல பாஸ்டர் கையைப் பிடிச்சுக்கிட்டு, கடவுள் எல்லாருக்கும் ஒவ்வொரு வரம் குடுத்திருக்கார்ங்கறார். அந்தப் பரீட்சையை உங்க டீம் மட்டும்தான் வச்சது."

டெல்மர் மேசையில் கிடந்த பேப்பரைக் கவிழ்த்து வைத்தார். பிறகு, "அது ரெண்டு மாசப் பேச்சும்மா. டிராஃப்ட் முடிஞ்சா ஒருத்தனுக்கும் ஞாபகம் இருக்காது" என்றார்.

"ஓகோ. அப்படின்னா வேற பையனைப் பத்திச் சொல்லியிருக்கலாமே. வெள்ளைக்காரப் பையன் ஒருத்தனுக்குப் பதினொண்ணுன்னு சொல்லியிருந்தா, பேப்பர் தப்பா அச்சடிச்சிருக்கும்னு நினைச்சிருப்பாங்க. எம்பிள்ளைன்னதும் ஒருத்தரும் ஒரு கேள்வி கேக்கலையே, ஏன் சார்?"

அந்தம்மா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. டெல்மர் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சத்தியமாக அவர் அப்படி யோசிக்கவே இல்லை. யோசிக்காமலே அவ்வளவு எளிதாக எடுபட்டது என்றால், அது இன்னும் கேவலம் என்பது அவருக்கு உறைத்தது. உறைத்ததும் அவருக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம். சரி, பையனை நாமே எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார்.

இத்தனையிலும் ஒரே ஒரு விஷயத்தை அவர் மறந்துபோனார். முதலாளியும் பேப்பர் படிப்பார்.

ஸ்ட்ராட்டன் குளிர்காலம் முழுக்க ஃப்ளோரிடாவில் இருப்பார். அலுவலகத்திலிருந்து வருகிற எதையும் பிரித்துப் பார்க்க மாட்டார், விளையாட்டுப் பக்கத்தை மட்டும் ஒரு எழுத்து விடாமல் படிப்பார். ஏப்ரல் முதல் வாரம் ஹார்டனுக்குத் திரும்பியதும் டெல்மரைக் கூப்பிட்டார்.

"பதினொண்ணு வாங்கின முட்டாளையா என் தலையில கட்டப் பாக்கறே?"

"சார், சார், அது நான் கிளப்பிவிட்ட புரளி. மத்தவங்க எடுத்துடக் கூடாதுன்னு. நிஜ மார்க் நாப்பத்தொண்ணு. இதோ தாள்."

ஸ்ட்ராட்டன் தாளை வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, முகர்ந்தும் பார்த்தார். "இது நீ தயார் பண்ணினது."

"ஐயோ, இல்லை சார்."

"டெல்மர், நான் உனக்கு எதுக்குச் சம்பளம் குடுக்கறேன்?"

"பையன்களைப் பாக்கறதுக்கு."

"அப்புறம்?"

"பொய் சொல்றதுக்கு."

"நீ அதுல கெட்டிக்காரனா இல்லையா?"

"கெட்டிக்காரன்தான் சார்."

"அப்போ உன்னை நான் எப்படி நம்பறது?"

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, மனிதர் அதைச் சுத்தமாகச் செய்து முடித்திருந்தார்.

"பட் ஓகில்வி எழுதியிருக்கான், நீ அழுதியாமே" என்றார் ஸ்ட்ராட்டன். "பொய்க்கு எவனாவது அழுவானா?"

"இறால் சார் அது."

"போதும், வாயை மூடு."

கடைசியில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு வழி பிறந்தது. பையனை ஹார்டனுக்கு வரவழைத்து, முதலாளியின் கண் எதிரிலேயே மறுபடி பரீட்சை வைப்பது. புதுக் கேள்வித்தாள், ஒட்டிய உறை. டெல்மர் தாளைத் தொடக் கூடாது. தாளைத் திருத்துகிறவள் ஸ்ட்ராட்டனின் காரியதரிசி நார்மா. அவள் வாயிலிருந்து முப்பது வருஷத்தில் பொய் வந்ததில்லை. அவள் வாயிலிருந்து பேச்சே அதிகம் வந்ததில்லை.

கீனன் டை கட்டிக்கொண்டு வந்தான். டெல்மரைப் பார்த்து மரியாதையாக, "குட் மார்னிங் சார்" என்றான். அந்த மரியாதையில் ஒட்டுதல் இல்லை என்பது டெல்மருக்குத் தெரிந்தது. கூட்ட அறையின் நீள மேசையில் ஒரு முனையில் அவனை உட்காரவைத்தார்கள். மறுமுனையில் ஸ்ட்ராட்டன், கையைக் கட்டிக்கொண்டு, பையனையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பிறகு என்ன தோன்றியதோ, "நார்மா, எனக்கும் ஒரு தாள் குடு" என்றார். "மூளைன்னா என்னன்னு இவங்களுக்குக் காட்டறேன். நாப்பது வருஷம் முன்னாடி நாப்பத்தெட்டு வாங்கினவன் நான்."

அந்த நாற்பத்தெட்டை யாரும் பார்த்ததில்லை. தன் தாளை அவர் எப்போதும் தானே திருத்திக்கொள்வது வழக்கம். இன்று கெடுபிடியாக அவரே போட்ட விதிப்படி, இரண்டு தாளும் நார்மாவிடம் போக வேண்டும். அதை அவர் யோசிக்கவில்லை.

நார்மா கடிகாரத்தைத் தட்டினாள். கீனன் நிதானமாக, தோட்டத்தில் களை எடுக்கிறவன் மாதிரி ஒவ்வொரு கேள்வியாகப் போனான். ஸ்ட்ராட்டன் முதல் கேள்வியிலேயே, "இதென்ன இது, இந்தக் காலத்துல எவன்யா மரத்துல வேலி கட்டறான்?" என்று சத்தம் போட்டார். மூன்றாவது கேள்வியில் பென்சில் முனையை உடைத்தார். பாதியில், "எழுத்து ஏன் இவ்வளவு பொடிசா இருக்கு?" என்றார். மணி அடித்தபோது அவர் நெற்றியெல்லாம் வியர்வை. கீனனைச் சாண்ட்விச் சாப்பிட வெளியே அனுப்பினார்கள்.

நார்மா முதலில் பையனின் தாளைத் திருத்தினாள். சிவப்புப் பென்சில் குறுக்கே குறுக்கே போய்க்கொண்டே இருந்தது.

"பதினொண்ணு" என்றாள்.

ஸ்ட்ராட்டன் மேசையை ஓங்கித் தட்டினார். "சொன்னேனா இல்லையா! சொன்னேனா இல்லையா! நாப்பத்தொண்ணாம், நாப்பத்தொண்ணு! உன் பெட்டியைக் கட்டு டெல்மர்!"

டெல்மர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். நார்மா இரண்டாவது தாளை எடுத்தாள். திருத்தினாள். மறுபடி முதலிலிருந்து சரிபார்த்தாள். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

"சொல்லு, சொல்லு" என்றார் ஸ்ட்ராட்டன்.

"உங்களுக்கும் பதினொண்ணு சார்."

ஸ்ட்ராட்டன் எட்டித் தன் தாளை வாங்கினார், பார்த்தார். பையன் தாளை வாங்கினார், பார்த்தார். கழிவுநீர்த் தொட்டியில் சாம்ராஜ்யம் கட்டிய மனிதர் முட்டாளாக இருக்க வழியே இல்லை. அப்படியானால் தப்பு வேறெங்கோ இருக்க வேண்டும்.

"இந்தப் புதுத் தாள் ரொம்பக் கஷ்டம்" என்றார் மெதுவாக.

"ரொம்ப" என்றாள் நார்மா.

"இதுல பதினொண்ணு வாங்கறதுன்னா..." அவர் டெல்மரைப் பார்த்தார். "டெல்மர், இது நல்ல மார்க்தானே?"

அந்த நொடியில் டெல்மர் நினைத்திருந்தால் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவருடைய தலை அதற்குள் தானாக ஆடிவிட்டது. "ரொம்ப நல்ல மார்க் சார். லட்சத்துல ஒருத்தருக்கு வரும்."

"என்னைத் தவிர இந்தக் கட்டடத்துல மூளைங்கறது அந்தப் பையனுக்குத்தான் இருக்கு" என்றார் ஸ்ட்ராட்டன். பையன் தாளைக் கையால் நீவிவிட்டார். "எனக்குப் பிள்ளை இல்லைன்னு உனக்குத் தெரியும் இல்லே?"

விமான நிலையத்துக்கு டெல்மர்தான் காரில் கூட்டிப் போனார். பாதி வழி வரைக்கும் கீனன் ஜன்னல் வழியாக ஏரியைப் பார்த்துக்கொண்டு வந்தான். அப்புறம், "எத்தனை சார் வந்தது?" என்று கேட்டான்.

"பதினொண்ணு."

பையன் முதல் தடவையாகச் சிரித்தான். நல்ல, முழுச் சிரிப்பு. "கரெக்டா வந்துடுச்சா! ஒண்ணு கூடக் குறைய ஆயிடுமோன்னு பயந்தேன். எல்லாத்துக்கும் விடை தெரிஞ்சாத்தான் சார் கரெக்டா பதினொண்ணு எடுக்க முடியும். நாப்பது கேள்விக்குத் தப்புப் பண்றது லேசு இல்லை."

"நாப்பது இல்லப்பா, முப்பத்தொன்பது" என்றார் டெல்மர்.

"முப்பத்தி நாலாவது கேள்விக்கு இன்னும் ரெண்டு சரியான விடை இருக்கு சார், ரெண்டையும் தவிர்க்கணும்ல, அதை ரெண்டாக் கணக்கு வச்சேன். புதுத் தாள்னு சொன்னீங்க, அதே தப்பு இதுலயும் இருக்கு."

"ஏம்ப்பா இப்படிப் பண்ணினே?"

"நீங்க பேப்பர்ல சொன்னதைத்தானே சார் செஞ்சேன்." சிரிப்பு போய்விட்டது. "எங்கம்மா அந்தக் கிளாசுக்குப் போறதுக்கு முன்னாடி இப்பல்லாம் கார்லயே பத்து நிமிஷம் உக்காந்திருக்காங்க. அப்படிப் பண்ணின ஆளுங்ககிட்ட நான் வந்து ஆடணுமா? டகோமா டீம் கோச் என்னைப் பலகை முன்னாடி நிக்கவச்சு மூணு மணி நேரம் ஆட்டத்தைப் பத்தி மட்டும் பேசினார். எவ்வளவு மார்க்னு கேக்கவே இல்லை. பதினேழாவது அவங்க முறை. நீங்க விட்டுட்டா நான் அங்க போயிடுவேன். உங்க முதலாளி இனிமே என்னைத் தொட மாட்டார், இல்லே?"

டெல்மர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும்: தம்பி, அவருக்கும் பதினொண்ணுதான், உன்னைத் தத்து எடுக்காத குறை. சொன்னால் பையன் தன் ஏஜண்டை வைத்து ஏதாவது செய்து தப்பித்துவிடுவான். அந்த மழை நாள் அவர் கண் முன்னால் வந்து நின்றது. "பத்திரமாப் போய்ட்டு வாப்பா" என்றார்.

டிராஃப்ட் அன்று பதினாலாவது முறை வந்ததும், ஸ்ட்ராட்டனே போனைப் பிடுங்கினார். "தம்பி, ஓரன் ஸ்ட்ராட்டன் பேசறேன்! உனக்கும் எனக்கும் ஒரே மூளைடா!" என்று கத்தினார். டிவியில் கீனனைக் காட்டினார்கள். போனைக் காதில் வைத்தபடி அவன் சிரித்த முகம் அப்படியே உறைந்து நின்றது. யாரோ ஒரு கழுதைத் தொப்பியை அவன் தலையில் மாட்டினார்கள். பக்கத்தில் அவன் அம்மா தொப்பியில் இருந்த கழுதையைப் பார்த்தார், பிறகு நேராகக் கேமராவைப் பார்த்தார். தன்னைத்தான் பார்க்கிறார் என்று டெல்மருக்குத் தோன்றியது. இருபது வருஷமாகக் காத்திருந்த நிமிஷம் அது. எல்லோரும் அவர் முதுகில் தட்டினார்கள். அவருக்கு உட்கார வேண்டும் போல இருந்தது.

மறுநாள் மத்தியானம் ஹார்டனில் பத்திரிகையாளர் கூட்டம். மேடையில் முதலாளி, கோச், புதுச் சட்டையைத் தூக்கிப் பிடித்த கீனன். முன்வரிசையில் அவன் அம்மா. ஓரத்தில் டெல்மர். வந்த முதல் கேள்வியே மார்க்கைப் பற்றித்தான்.

கோச் மழுப்ப வாயெடுத்தார். ஸ்ட்ராட்டன் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"எதுக்கு மறைக்கணும்? பதினொண்ணு உண்மைதான். நானே பக்கத்துல உக்காந்து பார்த்தேன். என் முன்னாடி எழுதினான், என் முன்னாடி திருத்தினாங்க. பதினொண்ணு! எனக்கு அதுல பெருமை!"

தன்னுடைய மார்க்கை மட்டும் அவர் சொல்லவில்லை. எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். இரண்டு மாதமாக வதந்தியாக இருந்தது இப்போது முதலாளியே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. கீனன் சட்டையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டான், முகம் பாதி மறைந்தது. அவன் அம்மா மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு, பிள்ளைகள் அடங்கட்டும் என்று காத்திருக்கிற வாத்தியார் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

டெல்மரால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. வேலை போனால் போகட்டும், எல்லாம் நாசமாய்ப் போகட்டும் என்று மேடையில் ஏறி மைக்கைப் பிடித்தார். "நாப்பத்தொண்ணு!" என்று கத்தினார். "பையன் வாங்கினது நாப்பத்தொண்ணு! பதினொண்ணுங்கறது நான் சொன்ன பொய்! நேத்து இல்ல, முந்தாநேத்து இல்ல, ஆரம்பத்துலேர்ந்தே பொய்! ரெண்டாவது தடவை அவன் வேணும்னே தப்பா எழுதினான்!"

பட் ஓகில்வி தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தார்.

"யோவ் டெல்மர். பையன்தான் உன் கைக்கு வந்தாச்சே. இன்னும் எதுக்குய்யா பொய்?"

கூடம் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. டெல்மர் சட்டைப் பையிலிருந்து அந்தப் பழைய தாளை எடுத்துக் காட்டினார். சிரிப்பு இன்னும் பெரிதானது. "தாள் கூடத் தயார் பண்ணிட்டான் பாரு" என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான். ஸ்ட்ராட்டன் அன்போடு டெல்மரின் தோளில் கை போட்டு மைக்கை வாங்கினார். "டெல்மர் ரொம்ப விசுவாசமான ஆள். பையனுக்காக என்ன வேணும்னாலும் சொல்லுவான்." கை தட்டினார்கள்.

கூட்டம் கலைந்ததும் நடைவழியில் அம்மாவும் பிள்ளையும் நின்றிருந்தார்கள். டெல்மர் கிட்டே போய்த் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

வெர்னெட் டில்லார்டு கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "பொய்யை ஒருத்தர்கிட்ட, சாப்பிட்டுக்கிட்டே முணுமுணுத்தீங்க. நாடே நம்பிச்சு. உண்மையை இன்னிக்கு மைக்ல கத்துனீங்க. ஒருத்தரும் நம்பலை. எம்பிள்ளை முப்பத்தஞ்சு வயசுல ஒரு பந்தைத் தப்பா எறிஞ்சாலும் பதினொண்ணுன்னுதான் கத்துவாங்க. அவன் நல்லா எறிஞ்சா, குருட்டு அதிர்ஷ்டம்பாங்க."

"நான் சொல்றேன்மா. இனிமே பாக்கிறவங்ககிட்ட எல்லாம் சொல்றேன். ஒவ்வொருத்தர்கிட்டயா போய்..."

"வேண்டாம் சார்" என்றான் கீனன். கோபமாகச் சொல்லவில்லை, அலுப்பாகத்தான் சொன்னான். "நீங்க சொல்லச் சொல்ல அது இன்னும் பொய்யாயிட்டே போகுது. நான் ஆடிக்கிறேன். நீங்க என்னைப் பத்தி நல்லதா எதுவும் சொல்லாம இருங்க, போதும்."

டெல்மர் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். அந்தப் பையனுக்கு அவர் செய்த முதல் உபகாரம் அதுதான்.